பாதி எழுந்து உட்கார்ந்தவள்

ஓடைப்பட்டியில் திராட்சை விவசாயிகள் நடத்திய விழா ஒன்றுக்கு அடித்த பிளக்ஸ் பேனர், இன்றும் எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் மறைப்பாகக் கட்டிக் கிடக்கிறது. மதினியின் பெயர் அதில் சிவப்பில், ஒவ்வொரு எழுத்தும் சோற்றுப் பானை அளவுக்கு இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், ‘மற்றும் குழுவினர்’ என்று இருக்கும். அந்தக் குழுவினர் நான் ஒருத்திதான். பதினேழு வருடமாக நான்தான் குழுவினர். நாங்கள் இரண்டு பெண்கள் மேடை ஏறியதும் மைக் செட்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டே, “குழு இன்னும் வரலையாக்கா?” என்று கேட்பார். நான்தான் குழு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மதினிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. “பேனர்ல யாரு பேரு இருந்தா என்னாத்தா, பாட்டுல பேரு வந்தாப் போதும்” என்பார். பேனரில் இருந்தது அவர் பெயர் என்பதால் அவருக்கு அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

மதினி என் மூத்த அண்ணன் மனைவி. முல்லையாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவர். கல்யாணமாகி ஓடைப்பட்டிக்கு வந்தபோது அண்ணன் தோட்டத்தில் நெல்லும் இல்லை, நடவும் இல்லை, திராட்சைப் பந்தல்தான். பந்தலுக்கு அடியில் நின்று கொத்து வெட்டும்போதும் அவர் நடவுப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். நான் உத்தமபாளையத்தில் கோர்ட்டில் தட்டச்சர். லீவு நாளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவர் ஒரு வரி பாட, சும்மா இருக்க முடியாமல் நான் அதைத் திருப்பிப் பாட, அப்படித்தான் இந்த வினை ஆரம்பித்தது. எங்கள் ஆபீசில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற அன்று விளையாட்டாகப் பாடினோம். அதைக் கேட்டவர்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கேட்டவர்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் கையில் சிங்கி, அதாவது அந்தச் சின்ன ஜோடித் தாளம். என் கையில் மதுரையில் வாங்கிய கஞ்சிரா. வேறு ஆளும் கிடையாது, வேறு வாத்தியமும் கிடையாது.

எனக்கு நேரம் என்றால் நேரம். பத்து மணிக்கு ஆபீஸ் என்றால் ஒன்பதே முக்காலுக்கு மிஷின் உறையை மடித்து வைத்திருப்பேன். விழாக்காரர்கள் பத்து நிமிடம் என்று சொன்னால் ஒன்பதாவது நிமிடத்தில் கும்பிட்டு இறங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவள். மதினிக்குப் பத்து நிமிடம் என்பது தொண்டையைக் கனைக்கவே போதாது. அவருடைய பாட்டு முடியாது. சும்மா கோபத்தில் சொல்லவில்லை, அந்தப் பாட்டின் அமைப்பே அப்படி. அவர் பிறந்த ஊரில், நடவின் கடைசி நாள் கடைசி வயலில், பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போது முன்பாட்டுக்காரி ஒவ்வொருத்தி பெயரையும் பாட்டில் வைத்துக் கூப்பிடுவாள். பெயர் வந்தவள் நிமிர்ந்து, ஒரு குலவை போட்டுவிட்டு, வரப்பில் ஏறிக்கொள்ளலாம். எல்லோரும் ஏறியபிறகு பின்பாட்டுக்காரி முன்பாட்டுக்காரியின் பெயரைப் போட வேண்டும். அதோடு பாட்டு முடிந்தது. இதைக் கரை ஏத்துவது என்பார்கள். ஒருத்தி பெயரை விட்டுவிட்டுப் பாட்டை முடித்தால், அவளைச் சேற்றிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போனதாக அர்த்தம்.

மேடையில் சேறும் இல்லை, வரப்பும் இல்லை. நாலு பெயரைப் பாடிவிட்டு முடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மதினி கேட்பார். முன்வரிசையில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டால் அந்த வரிசை முழுவதும் போட்டாக வேண்டும். வரிசையில் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்தால் அவரையும் சேர்க்க வேண்டும். இதற்காகவே விழா ஆரம்பிக்கும் முன் நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டு வருவார். “என்னாத்தா ஒம்பேரு? ஒன்னப் பெத்தவுக வச்ச பேரச் சொல்லு.” ஒரு பள்ளி ஆண்டு விழாவில் மின்விசிறியைச் சரிபண்ண ஏணியில் ஏறியவரையும் விடவில்லை. சிறப்பு விருந்தினர் மடியில் மாலையை வைத்துக்கொண்டு அந்த எலக்ட்ரீஷியன் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாக்காரர் ஓரத்தில் நின்று ‘முடிங்க, முடிங்க’ என்று காற்றில் கையைச் சுற்றினார். அந்தக் கையைப் பார்ப்பது நான். மதினி கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்.

அதைவிடப் பெரிய வம்பு, பின்பாட்டுக்கு உள்ள சட்டம். முன்பாட்டு என்ன கொடுத்ததோ, அதை ஓர் எழுத்து மாற்றாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு விழாவில் எங்கள் தலைமை எழுத்தர் முன்வரிசையில் கண் அசந்துவிட்டார். “எழுத்தரய்யா வாராரே, ஏழு கனவு கண்டு வாராரே” என்று மதினி எடுத்துவிட்டார். நானும் மைக்கில் வாய் வைத்து, அதே ராகத்தில், ஏழு கனவு கண்டு வாராரே என்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் விழித்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது யார்? மதினி ஓடைப்பட்டியில் நிம்மதியாகப் பந்தலுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் சண்டைதான்.

“மதினி, பத்து நிமிசம்னு சொன்னாகள்ல?”

“சொன்னாக.”

“அப்பறம்?”

“அதுக்காக, ஏறாம நிக்கிறவள விட்டுட்டு வரச் சொல்றியா?”

யாரும் எங்கும் ஏறாமல் நிற்கவில்லை, எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சின்னமனூர் தாண்டும் வரை பேச மாட்டோம். அப்புறம் அவரே பையிலிருந்து திராட்சைக் கொத்தை எடுத்து என் மடியில் வைப்பார். நானும் மானம் கெட்டுத் தின்பேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு தாள் என் கைக்கு வந்தது. தேனியில் நாட்டுப்புறப் பாடகர்களைத் தேர்வு செய்யப்போகிறார்கள், தேர்வானவர்களுக்குச் சென்னையில் ஒரு பெரிய மேடை என்று அதில் இருந்தது. விண்ணப்பத்தில் ‘கலைஞர் பெயர்’ என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் மதினி பெயர். இரண்டாவது வரியில் என் பெயரை நானே அடித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் பிழையில்லாமல் அடித்த விரல், என் பெயரை அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பிவிட்டது. வேறு தாள் போட்டு மறுபடி அடித்தேன். அந்த மேடை எனக்கு வேண்டும் என்று இருந்தது. ஐம்பது வயதில் அப்படி ஆசைப்பட்டதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும் என்றுதான் இருந்தது.

எட்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் ஒரு மணி அடிப்பார்கள். எட்டுக்கு மேல் ஒரு வரி போனாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடைப்பட்டிக்குப் போய் ஒத்திகை பார்த்தோம். ஐந்து பெயர் மட்டும், பெயருக்கு நாலு வரி, அதுவும் நாங்களாக வைத்துக்கொண்ட பெயர்கள். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். ஏழரை நிமிடத்தில் அழகாக முடிந்தது. “சாமி சத்தியமா அஞ்சு பேருதான்” என்று மதினி என் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் நம்பினேன். பதினோரு வருட அனுபவத்துக்குப் பிறகும் நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

தேனி மண்டபத்தில் அன்று காலையில் பாதி நாற்காலி காலி. கூட்டம் சேர்க்க விழாக்காரர்கள் மகளிர் குழுக்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஓடைப்பட்டிப் பக்கத்துப் பெண்கள் இருபத்தோரு பேர். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிறவர்கள். கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாற்காலி நிரப்பக் கொடுத்துவிட்டு இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மதினிக்கு அத்தனை பேரையும் தெரியும். மேடையில் ஏறியதும் அவர் கண் அங்கே போனது. நான் ஐந்து விரலை விரித்து அவருக்குக் காட்டினேன்.

முதல் பெயரே நாங்கள் ஒத்திகை பார்த்த பெயர் இல்லை. “செல்லத்தாயி வாராளே, சேத்த விட்டு வாராளே.” முதல் நாற்காலியில் இருந்தவள் நிஜமாகவே எழுந்து நின்று குலவை போட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. “பாண்டியம்மா வாராளே, பாதிக் கர வாராளே.” அடுத்தவள் எழுந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் மதினி ஒரு புது வரி கட்டினார். ஒருத்திக்கு அவள் முந்தியை வைத்து, ஒருத்திக்கு மூக்குத்தியை வைத்து, ஒருத்திக்கு அவள் மகனை வைத்து. முதல் வரிசையில் பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நான் திருப்பிப் பாடிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையைச் சொன்னால், எங்கள் பாட்டு அன்றைக்குப் போல் என்றைக்கும் அமைந்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது வரிசையில் ஒன்பது பேர். அதன் முதல் நாற்காலியில் கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். தன் முறை வருகிறது என்று தெரிந்து, சேலையை நீவிவிட்டுக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. மதினி அவள் பெயரை எடுக்க மூச்சு இழுத்தார். மணி அடித்தது.

நான் அவருக்கு முன்னால் பாடிவிட்டேன். மதினியின் பெயரைப் போட்டு, “வந்தாச்சு, வரப்பு மேல ஏறியாச்சு, வாராத ஆளில்ல” என்று கஞ்சிராவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. மதினி இழுத்த மூச்சு இழுத்தபடி வாய் திறந்து நின்றார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அப்படியே பாதி எழுந்த நிலையில் இருந்தாள். பக்கத்தில் பார்த்தாள். பிறகு, யாரும் கவனிக்கக் கூடாது என்பதுபோல் சேலையைச் சரிசெய்கிற மாதிரி மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

எங்களைத் தேர்வு செய்தார்கள். ஏழு நிமிடம் நாற்பது விநாடி. நான் கீழே இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மதினி அந்த இரண்டாவது வரிசைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னமனூர் தாண்டியது, பேசவில்லை. நான் இறங்கும் இடத்தில்தான் வாயைத் திறந்தார். “ஒம்பது பேரச் சேத்துல நிறுத்திட்டு எம்பேரப் போட்டு முடிச்சிட்டயேத்தா. அதுலயும் வாராத ஆளில்லன்னு பாடுற.” எட்டு நிமிடச் சட்டத்தைச் சொன்னேன். என் தலையில் அடித்த சத்தியத்தைச் சொன்னேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

சென்னைக்கு அவர் வர மறுத்துவிட்டார். தேர்வு இரண்டு பேருக்கும் சேர்த்து என்பதால் நான் தனியாகப் போக வழியில்லை. தபாலில் ஒரு சான்றிதழ் மட்டும் வந்தது. மதினி பெயர், அதன் கீழே ‘மற்றும் குழுவினர்’. அன்றைக்கு நான் அழுதேன். யார் மேல் கோபம் என்று தெரியாத அழுகை. ஐந்து பேர் என்று சத்தியம் செய்துவிட்டு இருபத்தோரு பேருக்கு ஆசை காட்டியது அவர். முடித்துவைத்த பழி மட்டும் எனக்கா? எட்டு மாதம் நான் ஓடைப்பட்டிப் பக்கமே போகவில்லை. அண்ணன் போனில், “ஆத்தா, ஒங்க மதினி பாடுறதயே விட்டுட்டாத்தா” என்றார். விடட்டும் என்றேன்.

ஒருநாள் மத்தியானம் கோர்ட் வாசலில் மதினி நின்றார். உள்ளே வழக்குக்குப் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அண்ணன் கையெழுத்தில் ஒன்பது பெயர். “ஞாயித்துக்கெழம வா. பாடி ஏத்திப்புடுவோம். அதுக்கப்பறம் சண்ட போடுறதா இருந்தாப் போடு.” மன்னிப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை இல்லையே, எங்கே போய்ப் பிடிப்பது என்றேன். யோசித்துவிட்டு, “அப்ப சனிக்கெழம சாயந்தரம், ஜீப்பு வந்து எறக்கிவிடுற எடத்துல” என்றார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் ‘குடும்பக் காரியம்’ என்று எழுதினேன்.

ஊர் முக்கில், உர மூட்டை ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில், மைக் இல்லாமல் நின்று பாடினோம். ஜீப்பில் இருந்து இறங்கியவர்கள் கையில் தூக்குவாளியும், தலையில் துண்டும், காலில் மலைச் சேறுமாக நின்றார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள். மலையில் மலையாளம் பழகிய வாயால் ஒருத்தி, “சேச்சி, இதென்ன ரோட்டுல” என்று சிரித்தாள். பெயர் வந்ததும் அவளே குலவை போட்டாள். ஒவ்வொருத்தியாக எட்டுப் பேர். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. என் வாழ்க்கையில் ஹாரனுக்கு நகராமல் நின்றது அன்றைக்குத்தான்.

தேனியில் கிளிப்பச்சைச் சேலை கட்டி வந்த அந்தப் பெண் கடைசி ஜீப்பில் வந்து இறங்கினாள். மதினி அவளைப் பார்த்துச் சிங்கியை உயர்த்தினார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகத்தான்.

“எனக்கு வேணாக்கா.”

“ஏத்தா, ஒரு வரிதான்.”

“அன்னைக்கே எந்திரிச்சு ஒக்காந்தாச்சு. இன்னொருக்க எந்திரிக்கச் சொல்லாதீக.”

சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தாள். தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்றைக்கு நிறுத்தியது நான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? ஏழாவது நிமிடம் மணி அடித்துவிட்டது என்றா? நான் கஞ்சிராவைப் பையில் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது மறுபடி இரண்டு பேரும் சேர்ந்துதான் பாடுகிறோம். மதினிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மேடை ஏற என் தோளைப் பிடிக்க வேண்டும். வேறு எதுவும் தேயவில்லை. இன்னமும் நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பெயர் கேட்கிறார், இன்னமும் பத்து நிமிடத்தை அரை மணி ஆக்குகிறார். கூடுதலாக ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. கூட்டத்தில் எல்லோர் பெயரும் முடிந்தபிறகு, ஒரு வரி நீளத்துக்கு அவர் எதுவும் பாடுவதில்லை. சிங்கியை மட்டும் தட்டுகிறார். அது அந்தப் பெண்ணின் இடம். பின்பாட்டுக்குச் சட்டம் ஒன்றுதானே, அவர் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானும் ஒரு வரி நீளத்துக்கு வாயைத் திறக்காமல் கஞ்சிராவை மட்டும் தட்டுகிறேன். அதற்குப் பிறகு தன் பெயரைப் போட்டு முடிக்கவும் என்னை விடுவதில்லை. அப்படியே கும்பிட்டு இறங்கிவிடுகிறோம். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஜனங்கள் முழிக்கிறார்கள்.

போன மாதம் ஒரு மகளிர் கூட்டத்தில் பாடிவிட்டு வரும்போது பொறுக்காமல் கேட்டேன். “மதினி, அவ பேரப் போட்டுப் பாடி முடிச்சிட்டா என்ன? வேணாம்னு போனவ வந்து பாக்கவா போறா? அவளுக்குத் தெரியவா போகுது?” மதினி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “அவளுக்குத் தெரியாட்டி என்னாத்தா. ஒனக்குத் தெரியும்ல.”

அவள் பெயர் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னவள் பெயரை இங்கே எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடப்போகிறோம், பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். மதினி சிங்கியை மட்டும் தட்டுவார், நான் கஞ்சிராவை மட்டும் தட்டுவேன். முன்வரிசையில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், “பாவம், ரெண்டு பேத்துக்கும் வரி மறந்துபோச்சு” என்று சொல்வார். எனக்கு மறக்கவில்லை.